அடிப்பிடித்த பாத்திரம்

பிப்ரவரி 21

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம். நீங்களும் என் மருமகளும் நலமா என்று கேட்கக் கை கூசுகிறது. ஆனால் அதைக் கேட்காமல் கடிதம் தொடங்க எனக்குத் தெரியாது. சாப்பிடுகிறீர்களா? தூக்கம் வருகிறதா? மருமகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்துவிட்டாளா?

போனில் நான் மூச்சுவிடாமல் பேசினால் நீங்கள் "ம்" என்கிறீர்கள். அதனால்தான் பேனாவை எடுத்தேன். ஒரு முழுக் காகிதத்தில் "ம்" என்று மட்டும் எழுதி அனுப்ப உங்களுக்கே ஒரு மாதிரி இருக்கும் அல்லவா?

என் காலைப் பற்றிக் கேட்பீர்கள். பி.டி. டீச்சர் என்றால் விசிலை ஊதிவிட்டு நிழலில் நிற்க வேண்டும். நான் பிள்ளைகளுக்குக் குதித்துக் காட்டினேன், நெட்டுக்கு மேலே எழும்பிப் பந்தை எப்படி அடிப்பது என்று. எழும்பினது என்னவோ ஒழுங்காகத்தான் எழும்பினேன். ஆபரேஷன் முடிந்து கட்டோடு கிடந்தபோதுதான் அண்ணன் செய்தி வந்தது. டாக்டரிடம் கெஞ்சினேன், கத்தினேன், அவர் மசியவில்லை. கூடப் பிறந்த ஒரே அண்ணன், கடைசியாக ஒரு தடவை முகம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை எனக்கு.

அண்ணி, மாமா போன் பண்ணினார். அண்ணனைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக அவன் ஸ்டேஷன் தீயணைப்பு வண்டியின் மேலே ஏற்றி, வண்டி தெருமுனையைக்கூடத் தாண்டவில்லையாம். அதற்குள் எங்கிருந்தோ அழைப்பு வந்ததாம். கூட வேலை பார்த்தவர்களே அவனைக் கீழே இறக்கி, தையல்கடை பெஞ்சில் கிடத்திவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். கடைசியில் மாமா ஓடிப்போய் சாமான் ஏற்றும் வேன் ஒன்றைப் பிடித்துவந்தாராம். மாமா ஒன்றை இரண்டாகச் சொல்கிற ஆள் என்று எனக்குத் தெரியும். அதனால் உங்களிடம் கேட்கிறேன். இது உண்மையா? அதை மட்டுமாவது எழுதுங்கள்.

மருமகளுக்கு என் முத்தம். உடனே பதில் போடவில்லையென்றால் நொண்டிக்கொண்டே வந்து நிற்பேன்.

உங்கள் பட்டாசு
(அண்ணன் வைத்த பேர். இனி அப்படிக் கூப்பிட ஆள் இல்லை. நீங்களாவது கூப்பிடுங்கள்.)


மார்ச் 12

அன்புள்ள பட்டாசுக்கு,

உன் கடிதம் வந்தது. கட்டை எப்போது பிரிப்பார்கள்?

நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம். சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். உன் மருமகள் பள்ளிக்குப் போகிறாள், நான் மருந்துக் கடைக்கு வேலைக்குப் போகிறேன். "இன்னும் கொஞ்ச நாள் வீட்ல இரும்மா" என்றார் முதலாளி. வீட்டில் இருந்தால் ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்க்கிறேன், எதைத் தேடிப் போனேன் என்று தெரியவில்லை. கடையில் அந்தக் கஷ்டம் இல்லை. சீட்டைக் கொடுக்கிறார்கள், மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறேன்.

வருகிறவர்கள் எல்லோரும் "எங்கம்மா தீ?" என்றுதான் கேட்கிறார்கள். தீயணைப்பு வீரர் இறந்தால் தீயில்தான் இறந்திருக்க வேண்டும். இல்லை என்று சொன்னால் அவர்கள் முகத்தில் ஏதோ குறைகிறது. உனக்கே நான் ஒழுங்காகச் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் பின்னால் வழக்கம்போல வாலிபால் ஆடினார்கள். இவர் பக்கம் ஜெயித்தது. மற்றவர்கள் முகம் கழுவப் போனார்கள், இவர் நெட்டை அவிழ்க்கப் போனார். நெட்டைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் இவர்தான், யாரையும் தொடவிட மாட்டார். ராத்திரிப் பனியில் விட்டால் கயிறு தொய்ந்துவிடுமாம். ஒரு பக்கம் அவிழ்த்தார். மறுபக்கத்துக் கம்பத்துக்கு நடக்கும்போது உட்கார்ந்துவிட்டார். இதயம் என்றார் டாக்டர்.

கல்யாணமான நாளிலிருந்து நான் தீக்குத்தான் பயந்தேன். யார் வந்து கதவைத் தட்டுவார்கள், அவர்களிடம் நான் என்ன கேட்பேன் என்பது வரை மனசுக்குள் பார்த்து வைத்திருந்தேன். நெட்டை அவிழ்க்கும்போது போவார் என்று நினைக்கவில்லை. அதனாலோ என்னவோ அழுகை வரமாட்டேன் என்கிறது. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் இருக்கும், தொட்டால் நம்முடையது மாதிரி இருக்காது இல்லையா, அப்படி இருக்கிறேன். யாராவது என்னைக் கட்டிக்கொண்டு அழுதால் அவர்கள் முதுகைத் தட்டிக் கொடுக்கிறேன்.

அவருடைய ஷூ வாசலில் அப்படியே இருக்கிறது, தெருவைப் பார்த்தபடி. ஓடும்போது திருப்பிப் போட்டுக்கொள்ள நேரம் இருக்காது என்று அப்படித்தான் வைப்பார்.

காலை அழுத்தி ஊன்றாதே. வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே.

அண்ணி


மார்ச் 25

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். கட்டைப் பிரித்தாயிற்று. உள்ளேயிருந்து வந்த கால் என்னுடையது என்று நம்ப முடியவில்லை, அவ்வளவு மெலிந்து கிடக்கிறது. உங்கள் தலைவலி எப்படி இருக்கிறது? நீங்களே மருந்துக் கடைக்காரியாக இருந்தும் உங்களுக்குத் தலைவலி தீர்ந்ததே இல்லை.

உங்கள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். நான் கேட்ட ஒன்றுக்கு மட்டும் பதில் இல்லை.

சின்ன வயசில் எங்கள் மாடியில் துணி காயப்போடும் கொடிதான் நெட். அண்ணன் தூக்கிக் கொடுப்பான், நான் எம்பி அடிப்பேன். ஒரு தடவையாவது நீ அடிடா என்றால் கேட்க மாட்டான். "அடிக்கறதுக்கு ஊரே இருக்கு. தூக்கிக் குடுக்கத்தான் ஆள் இல்ல" என்பான். ஒரு நாள் எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடி போச்சு. அடித்தது நான், அப்பாவிடம் முதுகில் வாங்கியது அவன். வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்துக் கண்ணடித்தான், கழுதை.

ஸ்டேஷன் அணி ஜெயித்தபோது பேப்பரில் வந்த போட்டோவை எடுத்துப் பார்த்தேன். ஸ்டேஷன் ஆபீசர், அவரை மீசை என்றுதானே சொல்வீர்கள், அந்தரத்தில் நிற்கிறார். ஓரத்தில் இரண்டு கை மட்டும் தெரிகிறது, விரலெல்லாம் பிளாஸ்திரி. அதுதான் அண்ணன். எந்தப் போட்டோவிலும் அவன் அவ்வளவுதான் வருவான்.

அந்தக் கையை, அண்ணி, அந்தக் கையைப் பெஞ்சில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எந்தத் தீக்கு என்று மாமாவிடம் கேட்டேன். தீயே இல்லையாம். எவளோ அடுப்பில் பாத்திரத்தை வைத்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறாள். அடிப்பிடித்துப் புகை வந்திருக்கிறது. ஒரு அடிப்பிடித்த பாத்திரத்துக்காக என் அண்ணனைத் தெருவில் இறக்கிவிட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. ஸ்டேஷன் ஆபீசருக்குக் கடிதம் எழுதிப் போட்டுவிட்டேன். மரியாதையாக எழுதவில்லை.

மருமகள் மேட்ச் ஆடுகிறாளா? பதில் போடுங்கள். இந்தத் தடவை நான் கேட்டதற்கு.

பட்டாசு


ஏப்ரல் 19

அன்புள்ள பட்டாசுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. எழுத உட்கார்ந்தேன், எழுந்துவிட்டேன், மறுபடி உட்கார்ந்தேன். கால் தேறிவருகிறதா? தலைவலி இப்போது இல்லை.

அடிப்பிடித்த பாத்திரம் என்று எழுதியிருந்தாய். எங்கள் வீட்டில் அது நல்ல வார்த்தை, உனக்குத் தெரியாது. அவர் ஒரு அழைப்புக்குப் போய்விட்டு வந்தால் நான் எதுவும் கேட்க மாட்டேன், முகத்தைப் பார்ப்பேன். பேசாமல் நேராகக் குளிக்கப் போனால் அது மோசமான நாள். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு நானும் பேசாமல் இருந்துவிடுவேன். வாசலிலேயே ஷூவைக் கழற்றிக்கொண்டு, "ஒண்ணுமில்ல, அடிப்பிடிச்சதுதான்" என்றால் நல்ல நாள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்று அர்த்தம். அன்றைக்கு ஒரு பிடி கூடுதலாகச் சாப்பிடுவார். தூங்குகிற மகளை எழுப்பிப் பலூனைத் தூக்கிப் போட்டு விளையாட்டுக் காட்டுவார், என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

அவர் போனதில் பாதிக்கு மேல் அடிப்பிடித்ததுதான். வீட்டுக்காரர்கள் வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்பார்களாம். இவர் அந்தக் கரியைத் தேய்த்து எடுக்க வழி சொல்லிக் கொடுத்துவிட்டு வருவார். அதனால் நீ எழுதியதைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. வேறு எதுவும்கூட வரவில்லை.

நான் போகிற பஸ் ஸ்டேஷனைத் தாண்டித்தான் போகிறது. நெட் இன்னும் ஒரு பக்கம் மட்டும் கட்டியபடி தரையில் புரண்டுகொண்டு கிடக்கிறது. யாரும் அவிழ்க்கவும் இல்லை, கட்டவும் இல்லை. ஆட்டமே நின்றுவிட்டது. ஸ்டேஷன் ஆட்கள் நம் வீட்டுக்கும் வருவதில்லை. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமையானால் வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. போன வாரம் ஸ்டேஷன் டிரைவர் மாத்திரை வாங்க எங்கள் கடைக்கு வந்தார். என்னைப் பார்த்ததும், எதிர்க்கடையில் வாங்கிக்கொள்கிறேன் என்று போய்விட்டார்.

பிறகு தையல்கடைக்காரர் மூலமாகக் கேட்டனுப்பினார்கள். லிஃப்டர் பேரில் ஒரு போட்டி நடத்தலாமா, வீட்டில் சம்மதிப்பார்களா என்று. பந்தைத் தூக்கிக் கொடுக்கிற இடத்தில் ஆடியதால் ஸ்டேஷனில் அவருக்கு லிஃப்டர் என்றுதான் பேர். அவர் தங்கையைக் கேட்டுத்தான் சொல்வேன் என்று சொல்லிவிட்டேன். நீ என்ன சொல்கிறாயோ அதுதான்.

உன் மருமகள் ஆடுவதில்லை. பந்து அலமாரிக்கு மேலே இருக்கிறது, காற்று இறங்கிவிட்டது.

மாடிப்படி ஏறாதே.

அண்ணி


ஏப்ரல் 30

மதிப்பிற்குரிய சகோதரிக்கு,

ஸ்டேஷன் ஆபீசர் எழுதுவது. தங்கள் உடல்நலம் தேறியிருக்கும் என்று நம்புகிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. அதில் உள்ள சொற்கள் எல்லாவற்றுக்கும் நான் தகுதியானவன்தான். ஒன்றிரண்டு சொற்களுக்கு மட்டும் அர்த்தம் தெரியாமல் டிரைவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அன்று எங்கள் இன்னொரு வண்டி தொலைவில் ஒரு கிடங்குத் தீயில் இருந்தது. அழைப்பு வந்த வீட்டுக்கு அருகில் இருந்தது நாங்கள்தான். மூன்றாம் மாடி, கதவு பூட்டியிருக்கிறது, ஜன்னல் வழியாகப் புகை வருகிறது, உள்ளே ஆள் உண்டா தெரியாது என்றார்கள். பாத்திரமா வீடா என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும். உங்கள் அண்ணனைக் கீழே இறக்கச் சொல்லி உத்தரவிட்டது நான். முழுப் பொறுப்பும் என்னுடையது. வேறு யாருக்கும் இதில் பங்கு இல்லை.

சீக்கிரம் வந்துவிடலாம் என்று நினைத்தோம். வந்து பார்த்தபோது தெருவில் ஒருவரும் இல்லை. தையல்கடைக்காரர் பெஞ்சை உள்ளே எடுத்துப் போட்டிருந்தார். உங்கள் அண்ணனுக்கு இடம் வேண்டும் என்று வண்டியின் மேலிருந்து கழற்றி அந்தத் தெருவிலேயே வைத்திருந்த ஏணியை மறுபடி ஏற்றிக் கட்டினோம். கட்டிவிட்டு ஸ்டேஷனுக்குத் திரும்பினோம். அதன் பிறகு எங்களில் யாருக்கும் வீட்டம்மாவின் முகத்தில் விழிக்கத் துணிச்சல் வரவில்லை.

உங்கள் அண்ணன் கொடுத்த பந்தை அடித்துத்தான் நான் பேர் வாங்கினேன். இதை எங்கு சொல்வது என்று தெரியாததால் இங்கே சொல்கிறேன்.

காலைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷன் ஆபீசர்


மே 14

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நலமா?

மீசை பதில் போட்டிருக்கிறார். பார்த்தீர்களா, ஒத்துக்கொண்டுவிட்டார். "உத்தரவிட்டது நான், வேறு யாருக்கும் இதில் பங்கு இல்லை" என்று தன் கைப்பட எழுதியிருக்கிறார். சண்டை போடலாம் என்று கையை ஓங்கினால் எதிராளி தலையைக் குனிந்து நிற்கிறார். எனக்கு இன்னும் எரிச்சல்தான் வந்தது.

போட்டி வேண்டாம் அண்ணி. என் அண்ணன் பேரைச் சொல்லி அவர்கள் பந்தைத் தொடக்கூடாது. என்னைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னீர்களே, இதுதான் நான் சொல்வது. அந்த நெட் மக்கி மண்ணாகப் போகட்டும்.

இதையும் கேட்டுவிடுகிறேன். மாமா அன்றைக்கு நடுத்தெருவில் கத்தியிருக்கிறார். நீங்கள் பக்கத்தில்தானே இருந்தீர்கள்? எப்படிச் சும்மா நின்றீர்கள்? போகாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லையா? எழுதிவிட்டேன், இனி கோடு போட்டு அடிக்கப்போவதில்லை.

மருமகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டாசு


ஜூன் 22

அன்புள்ள அத்தை,

எப்படி இருக்கீங்க? கால் எப்படி இருக்கு? நான் நல்லா இருக்கேன். அம்மாவும் நல்லா இருக்காங்க, அதாவது கேட்டா "ம்"ங்கறாங்க.

நீங்க எழுதின கடிதத்தை அம்மா படிச்சுட்டு சர்க்கரை டப்பாவுக்கு அடியில வெச்சிருக்காங்க. தினமும் டப்பாவைத் தூக்கும்போது பாக்கறாங்க, திரும்ப டப்பாவை வெச்சுடறாங்க. ஒரு மாசமா எங்க வீட்டுக் காபி இப்படித்தான் நடக்குது.

நான் எழுதறது அம்மாவுக்குத் தெரியாது. நீங்க கோபத்துல இருக்கீங்கன்னு தெரியும். ஆனா அன்னிக்கு நான் அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன் அத்தை. மீசை மாமா உங்களுக்கு எழுதினது முழுசா நிஜம் இல்ல. அதுக்கு மேல நான் சொன்னா நல்லா இருக்காது, அது அம்மா சொல்ல வேண்டியது. நீங்களா இன்னொரு தடவை எழுதுங்க. திட்டாம எழுதுங்க. நீங்க எழுதாம விட்டா அம்மா யாருக்கும் எழுத மாட்டாங்க.

அப்பா சட்டையை அம்மா இன்னும் துவைக்கலை. புகை வாசம் போயிடும்னு நினைக்கறாங்கன்னு நான் நினைச்சேன். கேட்டா, "மறந்துட்டேன்"னு சொன்னாங்க.

உங்கள் மருமகள்


ஜூலை 8

அன்புள்ள பட்டாசுக்கு,

நலம்தானே? மகள் உனக்கு எழுதியிருக்கிறாள் என்று தெரியும். தபால்தலையை என் பையிலிருந்துதான் எடுத்தாள். நீ திட்டாமல் எழுதிய அட்டை வந்தது. வெறும் "நலமா" என்று கேட்டு ஒரு அட்டை, அதுவும் உன்னிடமிருந்து. அதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

எப்படிச் சும்மா நின்றீர்கள் என்று கேட்டிருந்தாய். நிற்கவில்லை, உட்கார்ந்திருந்தேன். தையல்கடை பெஞ்சில், அவர் தலைமாட்டில்.

நடந்தது இதுதான். வண்டி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது, நாங்கள் பின்னால் நடந்தோம். டிரைவர் பழக்க தோஷத்தில் வயர்லெஸ்ஸை அணைக்காமல் விட்டிருந்தார். அதில் ஒரு பெண் குரல் தெருப் பேரைச் சொன்னது, புகை என்றது. வண்டி நின்றது. "அதை அணைச்சுத் தொலைங்கப்பா" என்றார் உங்கள் மாமா. மீசையும் அணைக்கத்தான் கையைக் கொண்டுபோனார். கை பொத்தான்மேல் இருக்கும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"போயிட்டு வாங்க" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. உன் அண்ணனுக்குப் பிடித்திருக்கும் என்றோ, அதுதான் நியாயம் என்றோ எதுவும் எனக்குத் தோன்றவில்லை. அந்தச் சத்தம் கேட்டால் என் வாயில் வருவது அதுதான். இத்தனை வருஷமும் அவர் வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டு நான் அதைச் சொல்கிற வரைக்கும் நிற்பார். சொல்லாமல் போகமாட்டார். ஒரு நாள் ஏதோ சண்டை, நான் வாயைத் திறக்கவில்லை. ஒற்றை ஷூவோடு நின்றுகொண்டு, "சொல்லித் தொலைடி, அங்க வீடு எரியுது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே சொன்னேன், ஓடினார்.

நான் சொன்ன பிறகுதான் மீசை உத்தரவு கொடுத்தார். உன் அண்ணனை இறக்கினார்கள். அடிபட்டவரை இறக்குவதுபோலக் கைமாற்றிக் கைமாற்றி இறக்கினார்கள், தலை ஆடாமல். தையல்கடைக்காரர் பெஞ்சைக் கொண்டுவந்து போட்டார், அதன்மேல் ஒரு புதுத் துணியும் விரித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் அவ்வளவு நேரம் வேலையில்லாமல் ஒன்றாக உட்கார்ந்ததில்லை. அவர் ஸ்டேஷனில் இருப்பார், இல்லையென்றால் மைதானத்தில். வீட்டில் இருந்தால் மகளோடு மாடியில். உங்கள் மாமா வேன் கொண்டுவந்தபோது, "வண்டி வரட்டுமே" என்றேன். அது யார் காதிலும் விழவில்லை.

மீசை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் உன்னிடம் சொல்லவில்லை. உனக்கு யார்மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. அது என்மேல் திரும்பினால் நீ எழுதுவதை நிறுத்திவிடுவாய் என்று பயந்தேன். இந்த வீட்டுக்குத் தபால்காரர் உன்னால்தான் வருகிறார். வேறு எதற்கும் எனக்கு எழத் தோன்றவில்லை, அவர் சைக்கிள் மணிக்கு மட்டும் எழுந்து போகிறேன்.

ஸ்டேஷன் ஆட்களும் உன்னை மாதிரித்தான். கடைசிவரை கூட வந்து வழியனுப்ப முடியாமல் போனவள் நீ மட்டும் இல்லை. இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை. போட்டி வேண்டாம் என்றால் வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


ஆகஸ்ட் 2

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். கால் மடங்குகிறது. குதிக்கக் கூடாது என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார்.

உங்கள் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் வைத்துப் பிரித்தேன். பிள்ளைகளை மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்லிவிட்டு மரத்தடியில் உட்கார்ந்து படித்தேன். அவர்களை நிறுத்தச் சொல்ல மறந்தேபோனேன். பாவம், நாக்குத் தள்ள ஓடிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

உங்கள்மேல் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. ஒரு வாரம் உங்களோடு மனசுக்குள் சண்டை போட்டேன். சண்டையில் எல்லாம் நானேதான் பேசினேன், நீங்கள் அங்கேயும் "ம்" என்றுதான் சொன்னீர்கள். அப்புறம்தான் தெரிந்தது, நான் அந்தத் தெருவில் இல்லாததற்கு யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்திருக்கிறது. அடிப்பது ஒன்றுதானே எனக்குத் தெரியும்.

நான் எழுதுவதை நிறுத்த மாட்டேன். நீங்களே போதும் என்று சொன்னாலும் நிறுத்த மாட்டேன்.

போட்டி நடக்கட்டும். மீசைக்கும் எழுதிவிட்டேன், இந்தத் தடவை டிரைவரைக் கேட்க வேண்டிய வார்த்தை எதுவும் இல்லாமல். செப்டம்பரில் ஒரே ஒரு நாள்தான் வர முடியும், சாயங்காலமே ரயில் ஏற வேண்டும். நெட்டை நான் வந்து கட்டுகிறேன். அதுவரை ஒருத்தரையும் தொடவிடாதீர்கள். பந்துக்குக் காற்று அடித்து வைக்கச் சொல்லுங்கள் மருமகளை.

பட்டாசு


செப்டம்பர் 18

அன்புள்ள பட்டாசுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? ரயிலில் உட்கார இடம் கிடைத்ததா? அவ்வளவு நேரம் நின்றதற்குக் கால் வீங்கியிருக்கும். ஒத்தடம் கொடு.

நீ போன பிறகு நடந்ததை எழுதச் சொன்னாய். நீ இருந்தபோது நடந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், அப்போதுதான் எனக்கு வரிசையாக வரும்.

நீ அவிழ்ந்து கிடந்த பக்கத்தைக் கட்டினாய். மறுபக்கத்து முடிச்சு அண்ணன் போட்டது, இருக்கட்டும் என்றாய். ஸ்டேஷன் அணியில் ஐந்து பேர்தான் இறங்கினார்கள். லிஃப்டர் இடத்தில் யாரும் போய் நிற்கவில்லை. மீசை உன் மருமகளைப் பார்த்தார், இவள் என்னைப் பார்த்தாள், நான் உன்னைப் பார்த்தேன், நீ விசிலை ஊதிவிட்டாய். முதல் பந்து இவள் கையிலிருந்து எங்கேயோ போனது. அடுத்தது மீசைக்கு நேராகப் போனது. அப்பா மாதிரியே நாக்கைக் கடித்துக்கொண்டு தூக்கினாள்.

இரண்டாவது ஆட்டம் பாதியில் ஸ்டேஷன் மணி அடித்தது. ஐந்து பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். ஒருவர்கூட அசையாமல் உன்னைத்தான் பார்த்தார்கள், அது உனக்கே தெரியும். நீ எழுந்து, "என்ன பாத்துக்கிட்டு நிக்கறீங்க? போயிட்டு வாங்க!" என்று கத்தினாயே, தெருவே திரும்பிப் பார்த்தது. அவர்கள் ஓடினார்கள். மைதானத்தில் ஒரு பக்கம் எதிரணி ஆறு பேர், இந்தப் பக்கம் பந்தை அணைத்துக்கொண்டு இவள் ஒருத்தி. அதற்குள் உன் வாடகை வண்டி ஹாரன் அடித்தது, நீயும் போனாய்.

பிறகு நாங்கள் காத்திருந்தோம். எதிரணி ஆட்கள் தரையில் உட்கார்ந்து கதை பேசினார்கள். தையல்கடைக்காரர் ஆட்டம் பார்க்க வருகிறவர்களுக்காகத் தன் கடை பெஞ்சைக் கொண்டுவந்திருந்தார், அதை எனக்கு உட்காரப் போட்டார். போட்ட பிறகுதான் அது எந்தப் பெஞ்சு என்று அவருக்கே ஞாபகம் வந்தது, எடுக்கப் போனார். இருக்கட்டும் என்று உட்கார்ந்தேன். இவள் சுவரில் பந்தைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

வெயில் இறங்குகிற நேரத்தில் வண்டி வந்தது. மீசை ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார், மீசையெல்லாம் கரி. "ஒண்ணுமில்லம்மா. அடிப்பிடிச்சதுதான்" என்றார்.

அவருக்கு எங்கள் வீட்டு விஷயம் தெரியாது. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தேன். இத்தனை மாசம் வராததெல்லாம் சத்தமாக வந்தது. எனக்கே என் குரல் தெரியவில்லை. மறுபடி தப்பாக ஏதோ சொல்லிவிட்டோம் என்று மீசை வெலவெலத்துப் போனார். "நிஜமாவே பாத்திரம்தாம்மா, யாருக்கும் ஒண்ணும் ஆகலம்மா, சத்தியமா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதைக் கேட்கக் கேட்க இன்னும் அழுதேன். இவள் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் அடங்கியதும், "போய் ஆடுங்க, பாதியில நிக்குது" என்றேன். ஆடினார்கள், தோற்றார்கள். மகள்தான் நெட்டை அவிழ்த்தாள், இரண்டு பக்கமும். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் செருப்பு வைக்க இடம் இல்லாததால் அவர் ஷூவை உள்ளே எடுத்து வைத்தேன்.

மீசை சொன்ன வார்த்தைக்குத்தான் அழுதேன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மகளும் அப்படித்தான் நினைக்கிறாள். உனக்கு மட்டும் சொல்கிறேன். வண்டி வந்து நின்றதும் வழக்கம்போல ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தேன். எல்லோரும் இறங்கினார்கள், கடைசியாக டிரைவரும் இறங்கினார். நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன், பட்டாசு. இன்னும் ஒருவர் இறங்க வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன். மீசை என் முன்னால் நின்று அதைச் சொல்லும்போது, அவருக்குப் பின்னால் டிரைவர் கதவைச் சாத்தினார்.

நீ நலமாக இரு. பதில் போடு.

அண்ணி